செல்விக்குச் சொல்லாத செய்தி

திண்டிவனத்திலிருந்து தினமும் விழுப்புரத்துக்கு வேலைக்குப் போய்வந்த எனக்கு முதலீட்டுப் பத்திரிகை என்றால் உயிர். ரயிலில் படித்ததை மதியம் அலுவலகத்தில் எல்லோருக்கும் விளக்குவேன். அதை நம்பிக் கேட்டவர் உதவியாளர் செல்வி. கணவர் விபத்தில் இறந்தபோது கிடைத்த இழப்பீட்டை, மகளின் நர்சிங் படிப்புக்காக வங்கியில் போட்டு வைத்திருந்தார். நான் வைத்திருந்த ஒரு கம்பெனியின் பங்கையே, அந்தப் பணம் முழுவதற்கும் அவருக்கு வாங்கிக் கொடுத்தேன்.

சில மாதங்கள் கழித்து, அந்தக் கம்பெனியின் கணக்கில் குளறுபடி என்று பத்திரிகையில் சின்னதாக ஒரு செய்தி வந்தது. அன்று காலையே என்னுடையதை விற்றுவிட்டேன். செல்வியிடம் சொல்லவில்லை. நான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொள்ள வெட்கம். விலை மறுபடி ஏறிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஏறவில்லை. இரண்டே வாரத்தில் அந்தப் பங்கை வாங்க ஆளில்லாமல் போனது. செல்வியின் மகள் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

திட்டுவார் என்று பயந்து, ஒரு மதியம் தனியாக உட்கார்ந்திருந்தேன். செல்வி தன் டிபன் பாக்ஸோடு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ஏன் சார் சாப்பிடாம குந்திக்கினு இருக்கீங்க? எனக்கு மட்டுமா போச்சு, உங்களுக்கும்தான போச்சு? மனச வுட்டுடாதீங்க சார்" என்று சொல்லி, தன் சாதத்தில் பாதியை எனக்கு வைத்தார்.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆமாம்மா" என்றுதான் வந்தது.

செல்வி பிறகு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அவரிடம் சொல்லாமல் விற்றதைக்கூட ஒருநாள் நான் மறந்துவிடலாம். அவர் வைத்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தேனே, அதைத்தான் மறக்க முடியவில்லை.