புதன்கிழமை ஊசியும் அக்கா சொன்ன பொய்யும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் எழுதும்படி அத்தான் கேட்டபோது சரி என்றுவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் எதை எழுதுவது, எதை விடுவது என்று தெரியாமல் திணறுகிறேன்.

அக்கா பிறந்தது ஏழாயிரம்பண்ணையில். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திப் பட்டாசு ஆலைக்குப் போய், தாயில்லாத என்னை வளர்த்தவர் அவர். தாயில்பட்டியில் வாழ்க்கைப்பட்ட பிறகும் அதே ஆலையில்தான் வேலை. ஆலைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வேனை ஓட்டுபவன் நான்.

அவருடைய முதல் மகனுக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை ஊசி போட வேண்டும் என்று நர்சம்மா அட்டையில் குறித்துக் கொடுத்திருந்தார். ஊரில் ஊசி போடும் நாளான அந்தப் புதன்கிழமை காலை, அக்கா குழந்தையைத் தோளில் போட்டபடி வேன் அருகே வந்தார்.

"இன்னைக்கு நான் வரலலே. புள்ளைக்கு ஊசி போடணும்."

"தீபாவளி சீசன்க்கா. ஆள் பத்தலைன்னு ஃபோர்மேன் கத்துதாரு. ஊசி போட்டா காய்ச்சல் வேற வரும். அடுத்த மாசம் போட்டுக்கலாம், ஏறுக்கா."

சற்று நின்றார். பிறகு குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டார்.

அடுத்த மாதம் வருவதற்குள் தெருவில் நாலைந்து பிள்ளைகளுக்கு மணல்வாரி, அதாவது அந்தத் தட்டம்மை, கண்டது. என் மருமகனுக்கும் வந்தது. முதலில் காய்ச்சல், கண் சிவப்பு, பிறகு உடம்பெல்லாம் மணல் தூவியதுபோலத் தடிப்பு. அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று வேப்பிலை கட்டி வீட்டிலேயே வைத்திருந்தோம். மூச்சு வாங்கிய பிறகுதான் விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்றார்கள். மறுநாள் பிள்ளை போய்விட்டான்.

"ஊசி போட்டீகளா?" என்று டாக்டர் கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"நாந்தான் மறந்துட்டேன்" என்றார் அக்கா.

அத்தான் வீட்டாரிடமும் அதையே சொன்னார். பெற்ற பிள்ளைக்கு ஊசி போட மறந்தவள் என்று பல வருடம் ஏச்சு வாங்கினார். நான் வாய் திறக்கவில்லை. அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்கவும் இல்லை.

அதன்பின் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கெல்லாம் அக்கா போக ஆரம்பித்தார். ஊசி ஆகாது என்று செல்போனில் ஏதேதோ பரவி, என் மனைவியே எங்கள் மகளுக்கு வேண்டாம் என்றபோதும் வந்தார்.

"ஊசிக் காய்ச்சல் ரெண்டு நாள்ல போயிரும், மதினி. மணல்வாரி அப்படிப் போகாது. ஒரு வீட்டுல போடலைன்னா தெருவுக்கே பரவும். எம் புள்ளைக்கு எங்கன இருந்து வந்துச்சுன்னு இன்னும் எனக்குத் தெரியாது."

என் மகளுக்கு ஒன்பதாம் மாதமும் ஒன்றரை வயதிலும் அவரே தூக்கிப்போய்ப் போட்டுவந்தார்.

சிறுநீரகம் பழுதாகிப் படுத்திருந்த கடைசி நாட்களில் ஒருமுறை, "அக்கா, அன்னைக்கு நான்..." என்று தொடங்கினேன். "வேனுக்கு நேரமாச்சு, போலே" என்றார். அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த அடுத்த தெருப் பெண் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம் மகனுக்கு ஊசியே வேண்டாம்னு இருந்தேண்ணே. 'எந்தம்பிதான் ஒன்னயப் போய்ப் பாக்கச் சொன்னான்'னு அக்கா சொன்னாக. ஒங்க பேருக்காகத்தான் போட்டேன். நல்லாருப்பீக."

இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். நான் யாரையும் போய்ப் பார்க்கச் சொன்னதில்லை. அக்கா என்னை மன்னித்தாரா? அன்று நான் சொல்லியிருக்க வேண்டியதை என் பெயரில் சொல்லித் திரிந்தாரா? அல்லது எல்லாவற்றையும் நான்தான் பெரிதாக நினைக்கிறேனா? எப்படிப் பார்த்தாலும் விளங்கவில்லை.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அத்தானிடம் படித்துக் காட்டினேன். "அப்படியே போடுங்க மாப்ள" என்றார். அது கோபமா, ஆறுதலா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

அக்காவை இறுதிவரை பார்த்துக்கொண்ட நர்சம்மாவுக்கும், முறைவைத்துச் சோறு கொண்டுவந்த தெருவினருக்கும், ஆலைத் தோழிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி என்றும் உண்டு.

ஒன்பது மாதம் முடிந்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் வருகிற புதன்கிழமையே ஊசி போட்டுவிடுங்கள். இதை இப்போது உண்மையிலேயே நான்தான் சொல்கிறேன்.