ஒன்றை நீக்கினால்தான் மற்றது

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்யாணம் முடிந்த கையோடு, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தை மறுபடி எழுதப்போவதாகக் கணவரிடம் சொன்னேன். மற்றப் பாடங்கள் எல்லாம் சித்தி, பாஸாகிவிட்டேன். கணிதம் மட்டும் காலை வாரிவிட்டிருந்தது. அது இல்லாமல் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது.

அவர் மருதமுனையில் கைத்தறிச் சாரன் வியாபாரம் செய்தவர். எங்கள் வழக்கப்படி சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக்கே குடிவந்திருந்தார். புது மாப்பிள்ளை, சத்தமாகத் தும்மக்கூடக் கூச்சப்படுவார். ஆனால் கணிதத்தில் சித்தியடைந்தவர் என்பதால், தானே படிப்பித்துத் தருவதாகச் சந்தோஷமாகப் பொறுப்பெடுத்தார்.

ஒருங்கமை சமன்பாடுகள் வரும்வரை பிரச்சினை இல்லை. தெரியாத கணியம் இரண்டு, சமன்பாடும் இரண்டு. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து ஒரு கணியத்தை இல்லாமலாக்கு என்றார். இல்லாமலாக்கிவிட்டால் பிறகு அதை எங்கே போய்த் தேடுவது? நான் திரும்பத் திரும்பக் கேட்க, அந்த வீட்டில் முதன்முறையாக அவர் குரல் உயர்ந்தது.

"முதல்ல ஒண்ட நீக்கணும் புள்ள. நீக்கினாத்தான் மத்தது கிடைக்கும்."

குசினியில் சோறாக்கிக்கொண்டு நின்ற உம்மாவுக்கு அது மட்டும்தான் கேட்டிருக்கிறது. மருமகன் மகளைத் தலாக் சொல்லிவிட்டு வேறு ஒருத்தியைத் தேடப்போகிறார் என்று முடிவுகட்டி, வாப்பா வயலால் வந்ததும் அழுதழுது சொல்லிவிட்டார்.

பொழுதுபட்டு மஹ்ரிபு தொழுதபின் வாப்பா எங்கள் இருவரையும் வீட்டு மண்டபத்துக்குக் கூப்பிட்டார்.

"மகன், எங்கட புள்ளையில என்ன குறை கண்ட நீங்க?"

உம்மா தான் கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னார். விசயம் விளங்கியதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உம்மாவின் கோபம் இன்னும் கூடியது. கணக்குக் கொப்பியைக் கொண்டுவந்து விளக்கினேன். அப்படியென்றால் செய்து காட்டுங்கள் என்றார் வாப்பா.

2x + 3y = 13
2x − y = 1

கணவர் வியர்க்க வியர்க்கக் கழித்தார். x போனது. 2y = 12 என்று எழுதி, y ஆறு என்றார். வாப்பா நிம்மதியாகத் தலையாட்டினார். நான் அந்த ஆறை இரண்டு சமன்பாட்டிலும் போட்டுப் பார்த்தேன். மேலே x மைனஸ் இரண்டரை, கீழே மூன்றரை.

"இஞ்ச பாருங்க, ஒரே x எப்பிடி ரெண்டு விதமா வரும்?"

அவர் குனிந்து பார்த்தார். மைனஸ் y-ஐக் கழித்தால் அது கூட்டலாகும், மறந்துவிட்டார். 4y = 12 என்று நான் திருத்தி எழுதினேன். y மூன்று. அதைப் போட்டதும் இரண்டிலும் x இரண்டு என்றே வந்தது. நீக்கியது எங்கும் போகவில்லை, மற்றது கிடைத்ததும் அதுவும் திரும்பி வருகிறது என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

உம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப ரெண்டும் இரிக்கிதானே?"

"ஓம் உம்மா, ரெண்டும் இரிக்கி."

அந்த முறை எனக்குக் கணிதத்தில் திறமைச் சித்தி. அவர் முன்பு எடுத்தது அதற்கு ஒரு படி கீழான சாதாரண சித்திதான். என் பெறுபேற்றை ஊரெல்லாம் சந்தோஷமாகச் சொல்லித் திரிந்தவர், தன்னுடையதை யாராவது கேட்டால் மட்டும் கதையை மாற்றிவிடுவார்.