வெயிலில் ஓடும் வைப்பர்

பாலம் முடிவதற்கு இருநூறடி முன்பே ஆர்லன் ஸ்கோக்லண்ட் வேனின் கண்ணாடிகளை எல்லாம் இறக்கி, தொப்பியைக் கழற்றித் தொடைமேல் வைத்துக்கொள்கிறார். எல்லைச் சுங்கச் சாவடிக்காரர் வாயைத் திறப்பதற்குள் ஒப்பிக்கத் தொடங்கிவிடுகிறார்: "இன்சுலின், ஆளுக்கு மூணு மாசத்துக்கு. அஞ்சு பேரு. அப்புறம் என் சாண்ட்விச்சு, உள்ள தக்காளி ரெண்டு துண்டு." ஒருமுறை இருக்கைக்கடியில் உருண்டு கிடந்த, எல்லை தாண்டக் கூடாத ஆரஞ்சுப் பழத்தைத் தாமே காட்டிக்கொடுத்து, எல்லோரையும் நாற்பது நிமிடம் காக்க வைத்தார். வேர்னா இன்றைக்கும் அதை விடுவதில்லை. ஊரில் காபிக்கடை நடத்துபவள், முன் இருக்கைக்காரி. "ஆரஞ்ச சோதனை போட்டாச்சா, ஆர்லன்?" என்றுதான் வேனிலேயே ஏறுவாள்.

மினசோட்டாவின் வடகோடியில் முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர் ஆர்லன். அவருக்குச் சர்க்கரை நோய் இல்லை. இருந்தும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை காலையில், நோயுள்ள ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஆற்றைத் தாண்டிக் கனடாவுக்குப் போய்வருகிறார். ஒரே கம்பெனி, ஒரே குப்பி. இந்தக் கரையில் முந்நூறு டாலர். அந்தக் கரையில் முப்பது சொச்சம். அங்கே விலைக்கு அரசாங்கம் மூக்கணாங்கயிறு போட்டிருக்கிறது. இங்கே அது தன் இஷ்டத்துக்கு மேய்கிறது. ஆர்லனிடம் காரணம் கேட்டால், "ஆறு குறுக்க ஓடுது, வேற என்ன" என்பார்.

அக்கரை மருந்துக்கடைக்காரி ஜிஸெலுக்கு ஒவ்வொரு முறையும் தம் கையால் சுட்ட எலுமிச்சை கேக் துண்டுகள் ஒரு டப்பா கொண்டுபோகிறார். "எங்க ஊருக்கு அளந்துதான் அனுப்புறாங்க ஆர்லன். உங்க நாடே கெளம்பி வந்துச்சுன்னா என் அலமாரி ஒரு வாரம் தாங்காது" என்று அவள் எப்போதோ சொன்னதை அவர் மறக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு சட்டம் வைத்திருக்கிறார்: இருக்கையில் ஆள் இருந்தால்தான் பெட்டியில் மருந்து. ஆறாவது ஆளுக்கு அடுத்த முறை.

நன்றி சொன்னால் அவருக்கு ஆகாது. யாராவது தொண்டையைச் செருமினாலே போதும், கை வைப்பர் குமிழுக்குப் போய்விடும். பளிச்சென்ற வெயிலில், காய்ந்த கண்ணாடிமேல் ரப்பர் கிறீச்கிறீச்சென்று இழுபட, சொல்ல வந்தவர் வாயை மூடிக்கொள்வார். அதனால் ஊரார் வேறு வழி கண்டார்கள். அவருடைய கார் கொட்டகையின் உறைபெட்டியில் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட பதார்த்தங்கள் பேரில்லாமல் வந்து குவிகின்றன. பாத்திரத்தை மட்டும் கழுவி, சரியான வாசற்படியில் அவர் வைத்துவிடுகிறார். எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் அவர் மகள் காரி, சமையலறைத் தரையில் நினைவில்லாமல் கிடந்தாள். வேலை மாறும் இடைவெளியில் காப்பீடு அறுந்திருந்தது. மருந்தைப் பாதி பாதியாகப் போட்டுச் சமாளித்திருக்கிறாள். பிழைத்தாள். இப்போது துலூத் நகரில் பாடம் நடத்துகிறாள். இதை ஆர்லன் சொல்வதில்லை. வேர்னாதான் சொல்வாள், அவர் பெட்ரோல் போட இறங்கும்போது.

போன அக்டோபரில் ஐந்தாவது இருக்கையில் ஜோலீன் வந்து உட்கார்ந்தாள். நோய் அவளுக்கில்லை, தம்பி ட்ராவிஸுக்கு. அவன் மர அறுவை ஆலையில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. விடுப்புக் கேட்டால் வேலை போய்விடும். மருந்துக்கடை வாசலில்தான் அவள் உண்மையைச் சொன்னாள். "அவனுக்கு மருந்து ஞாயித்துக்கெழம வரைக்கும்தான் இருக்கு. எனக்குத்தான்னு சொல்லிடறேனே?"

"நீ சொல்லிடுவ. பொய்யின்னா சாவடில எனக்குக் காது செவந்துடும்."

"இவர் காது செவந்தா பாலத்தையே மூடிடுவாங்க, பொண்ணே" என்றாள் வேர்னா. "எங்க அஞ்சு பேரு மருந்தும் போயிடும்." அவள் சிரிக்கவில்லை.

"நாலு பேரு" என்றார் ஆர்லன். கல்லாவுக்குப் போய் ஜிஸெலிடம் கேட்டார்: "எப்ப மூடுவீங்க?"

"ஆறு மணிக்கு. ஏன்?"

"ஒரு ஆளுக்கு எடுத்து வையிங்க. வர்றோம்."

நான்கு பேரையும் ஜோலீனையும் அவரவர் வீட்டில் இறக்கினார். நான்கு மணிக்கு ஆலை வாசலில் வேன் நின்றது. தலையெல்லாம் மரத்தூளாக வந்த ட்ராவிஸ், அக்கா போனில் சொன்னபடி ஏறிக்கொண்டான். ஐந்தே முக்காலுக்குக் கடை. ஜிஸெல் விளக்கை அணைக்காமல் வைத்திருந்தாள். ஆர்லன் அவளுக்கு மூன்று முறை நன்றி சொன்னார். வாங்கிக்கொள்ளத்தான் அவருக்குத் தெரியாது.

திரும்பும்போது பாலத்தில் ஐந்தாறு வண்டிகள் வரிசையில் நின்றன. குளிர்பெட்டி ட்ராவிஸின் மடியில் இருந்தது. வானத்தில் ஒரு துளி மேகமில்லை. அவன் தொண்டையைச் செருமினான். ஆர்லனின் கை குமிழுக்குப் போனது.

"அக்காவுக்குத் தெரியாதுங்க. பத்து நாளா பாதி பாதியாத்தான் போட்டுட்டிருந்தேன். சமாளிச்சுக்கலாம்னு நெனச்சேன்."

கை அங்கேயே நின்றது. வைப்பர் ஓடவில்லை. முன்னால் நின்ற வண்டி நகர்ந்துவிட்டது. பின்னாலிருந்தவர் ஹார்ன் அடித்தார். ஆர்லன் குமிழிலிருந்து கையை எடுத்து, அவனுடைய இருக்கைப் பட்டையை இன்னும் கொஞ்சம் இழுத்து, பெட்டியையும் பையனையும் சேர்த்து மாட்டினார்.