செப்டம்பரில் வா என்று சொன்ன ஒட்னி

ஒட்னியைக் கேட்காமல் எங்கள் கடலில் திமிங்கிலம்கூடத் தலை தூக்காது என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். வடதுருவத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் தீவில், பெட்ரோல் பங்கை ஒட்டிய கட்டடத்தில் பாதி என் சூப்புக் கடை, மறுபாதி அவளுடைய சுற்றுலாத் தகவல் மேஜை. பதினாறு வருஷமாக எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது ஒரு காபி மெஷின்தான். வருகிறவன் எந்த நாட்டுக்காரனானாலும் அவளிடம் கேட்பது ஒரே கேள்வி: எதைப் பார்க்க எப்போது வரவேண்டும்?

அவளுக்கு அதெல்லாம் விரல் நுனியில். பஃபின் பறவையா, மே நடுவிலிருந்து ஆகஸ்ட் பத்து வரை. திமிங்கிலமா, ஜூன், ஜூலை. வானத்தில் பச்சை ஒளி ஆட வேண்டுமா, செப்டம்பருக்கு மேல், அதுவும் மேகம் வழிவிட்டால். ஒரு நாள்கூடக் கூட்டியோ குறைத்தோ சொல்லமாட்டாள். ஒருமுறை ஆகஸ்ட் இருபதாம் தேதி ஒரு ஜோடி எங்கிருந்தோ பறந்து வந்து, பஃபின் எங்கே என்று ஆசையாக நின்றது.

"அதெல்லாம் கடலுக்குப் போயிடுச்சு" என்றாள்.

"ஒண்ணு ரெண்டாவது பாக்கி இருக்காதா?"

"இருந்தா அது செத்ததா இருக்கும்."

அந்தப் பெண்ணுக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கு வந்ததே கோபம். "ஏண்டி, கொஞ்சம் இதமா சொன்னா உன் வாய் தேஞ்சா போயிடும்? ரெண்டு சூப்பாவது குடிச்சிட்டுப் போயிருப்பாங்க!" என்றேன்.

"இல்லாததை இருக்குன்னு சொல்ல எனக்கு வராது, ஹெர்தீஸ். விடு."

அதுதான் ஒட்னி. அவள் தம்பி எய்விந்தூர் நேர் எதிர். வாயைத் திறந்தால் பாதி கப்சா. நார்வேயில் கப்பல் பட்டறை வேலைக்குப் போனவன் பதினொரு வருஷமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. சண்டை எதுவும் இல்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றே ஓடிவிட்டது. ஆனால் அவன் பெயரில் ஒரு பெண்ணாடு மட்டும் எப்போதும் இருக்கும்படி ஒட்னி பார்த்துக்கொண்டாள். ஒவ்வொரு வசந்தத்திலும் அதன் குட்டிகளின் காதில் அவனுடைய வெட்டு அடையாளத்தைப் போடுவாள்: வலது காதில் நுனி வெட்டு, இடது காதில் ஒரு கீறல். அந்த அடையாளம் பதிவுப் புத்தகத்தில் இன்றும் அவன் பெயரில்தான் இருக்கிறது.

போன வசந்தத்தில் அவனுக்கு நுரையீரலில் புற்றுநோய் வந்துவிட்டது. ஜூலையில் ஒருநாள் மேஜைக்கே போன் செய்தான். கையில் ஏதோ வேலையாக இருந்த ஒட்னி போனை ஸ்பீக்கரில் போட்டாள். அதனால் நானும் கேட்டேன்.

"அக்கா, மருந்துக்கு நடுவுல டாக்டர் ஒரே ஒரு தடவைதான் லீவு குடுக்கிறாரு. இப்ப ஒரு வாரம், இல்லாட்டி செப்டம்பர்ல ஒரு வாரம். அதுக்கப்புறம் கேக்காதேன்னுட்டாரு. அடுத்த கோடையைப் பத்திப் பேச்சே எடுக்கல. நீ சொல்லு, எப்ப வரட்டும்?"

ஒட்னி நாட்காட்டியைப் புரட்டினாள். எனக்கு அந்தக் கை இன்னும் கண்ணில் நிற்கிறது.

"இப்ப வந்து என்னடா பண்ணுவே? ஆடெல்லாம் மலை மேல. ஊர் முழுக்க டூரிஸ்ட் கூட்டம். செப்டம்பர்ல வா. ரெண்டாவது சனிக்கிழமை ஆடு பிரிக்கிறோம். உன் ஆட்டை நீயே கொம்பைப் பிடிச்சு இழுத்துட்டு வரலாம். ரோடும் நல்லா இருக்கும், பச்சை ஒளியும் வந்துடும்."

"அதானே! கொம்பைப் பிடிச்சு எத்தனை வருஷம் ஆச்சு!" என்றான். சொல்லும்போதே அவனுக்கு மூச்சு வாங்கியது.

நானாவது வாயைத் திறந்திருக்கலாம். இப்பவே வரட்டுமேடி என்று ஒரு வார்த்தை. நான் என்ன செய்தேன் தெரியுமா? "செப்டம்பர்ல வாடா, புது ஆட்டுக்கறியில சூப் வச்சுத் தரேன்" என்று இந்தப் பக்கத்திலிருந்து கத்தினேன். மூன்று பேரும் சிரித்தோம்.

அவள் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் கொடுமை. ஆடு பிரிக்கும் நாள்தான் எங்களுக்குத் திருவிழா. ஜூனில் மலைக்கு விரட்டிய ஆடுகளைக் குதிரைமேல் போய்த் தேடி ஓட்டி வருவார்கள். வட்டமான பெரிய பட்டி, அதைச் சுற்றி ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு அடைப்பு. காதைப் பார், கொம்பைப் பிடி, உன் அடைப்புக்கு இழு. வெளியூரில் இருப்பவன் எல்லாம் அன்றைக்கு வந்துவிடுவான். தம்பியைக் கூப்பிட அதைவிட நல்ல நாள் எது?

ஒட்னியின் புருஷன் பியார்ட்மார்தான் மலைக்குப் போகிறவர்களுக்குத் தலைவன். நாங்கள் மலை ராஜா என்போம். ஆடு பிரிப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை பண்ணைக்காரர்கள் அத்தனை பேரும் என் கடையில் கூடிவிட்டார்கள். புதன்கிழமை வடக்கிலிருந்து பனிப்புயல் என்று அறிவித்திருந்தார்கள். செப்டம்பர் முதல் பாதியில் பனிப்புயல்! என் வயதுக்கு ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

"நாளைக்கே மலைக்குப் போறோம். புதன்கிழமைக்குள்ள எவ்வளவு ஆடு கிடைக்குதோ அவ்வளவையும் இறக்கிடணும். சனிக்கிழமை வரைக்கும் காத்திருந்தா எல்லாம் பனிக்குள்ள போயிடும்" என்றான் பியார்ட்மார்.

ஒட்னி காபிக் கூஜாவோடு அப்படியே நின்றாள். "சனிக்கிழமைக்குத்தான் எய்விந்தூர் வரான்."

"எனக்குத் தெரியாதா, ஒட்னி? மேல நாலாயிரம் ஆடு நிக்குது. நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு."

அவள் கூஜாவை எடுத்துக்கொண்டு போய் எல்லோருக்கும் காபி ஊற்றினாள்.

அன்றைக்கே தம்பியைக் கூப்பிட்டு முன்னால் வரச் சொன்னாள். அவன் எப்படியோ டிக்கெட்டையும் டாக்டர் கொடுத்த வாரத்தையும் மாற்றி, செவ்வாய்க்கிழமை தெற்கே விமான நிலையத்தில் வந்து இறங்கிவிட்டான். புதன் காலை வாடகை காரில் கிளம்பினான். எங்கள் ஊருக்கு வரும் மலைக்கணவாயின் தென் அடிவாரத்துக்கு அவன் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. பத்தே முக்காலுக்குப் பாதையை அடைத்திருந்தார்கள்.

கால் மணி நேரம், அவ்வளவுதான்.

அங்கே ஊர் மண்டபத்தில் மாட்டிக்கொண்ட மற்ற பயணிகளோடு அவனையும் படுக்க வைத்தார்கள். வியாழனும் புயல் விடவில்லை. மின்கம்பங்கள் ஐஸ் பாரத்தில் ஒடிந்து விழுந்தன. எங்கள் ஆண்கள் நீளக் கம்பியால் பனியைக் குத்திக் குத்தி ஆடுகளைத் தோண்டி எடுத்தார்கள்; சிலது உயிரோடு, சிலது விறைத்து. ஒட்னி மேஜைக்கும் வந்தாள், பட்டிக்கும் போனாள். வந்த ஆடு ஒவ்வொன்றின் காதையும் தானே பார்த்தாள். நுனி வெட்டும் கீறலுமாக ஒரு காதும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம்வரைதான் அவனுக்கு நேரம். சனிக்கிழமை விமானம், திங்கட்கிழமை மருந்து ஏற்றவேண்டும். மண்டபத்துக்கு வந்த டாக்டர், இந்த மூச்சோடு இனி ஒரு நாள்கூட இங்கே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். வெள்ளிக்கிழமை காலை ஒட்னி என்னிடம் வந்து, "வண்டியை எடு" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

கணவாயின் வட அடிவாரத்தில், எங்கள் பக்கம், தடுப்புக் கட்டை இறங்கியிருந்தது. மீட்புக் குழுவின் ஆரஞ்சு உடுப்பில் டாகுர் நின்றான். எங்கள் ஊர்த் தச்சன். அவளைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கிவிட்டது.

"வேணாம், ஒட்னி. கேக்காதே."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே."

"முப்பது கிலோமீட்டர். நடுவுல என் கையே எனக்குத் தெரியல. நீ போனா உன்னைத் தேட நாலு பேரை அனுப்பணும்."

"தெரியும்டா. இதைத்தான் நான் தினம் எல்லாருக்கும் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

காருக்குள் வந்து உட்கார்ந்தாள். அழுதிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். போன் அடித்தது. மடியில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, இங்க சூப் வாயில வைக்க முடியல. அந்த ஹெர்தீஸ் கிட்டச் சொல்லு."

"பக்கத்துலதான்டா இருக்கேன். உனக்காகப் பெரிய பானையே வச்சிருக்கேன், பாவிப்பயலே" என்றேன்.

"என் ஆடு வந்துச்சா?"

"வரலடா. பனிக்குள்ள இருக்கு" என்றாள் ஒட்னி. அவளுக்குத்தான் வேறு மாதிரி பேச வராதே.

ஒட்னி போனை மடியிலிருந்து எடுத்து வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"ஜூலைலயே வான்னு சொல்லியிருக்கணும். நான்தான்டா கெடுத்தேன்."

"நீ என்னத்தைக் கெடுத்தே? ஊருக்கே நீதானே தேதி சொல்றே. சரியாத்தான் சொன்னே." இருமினான். நீளமான இருமல். முடிந்ததும், "வண்டி கிளம்பச் சொல்றாங்க. சரி சொல்லு, அடுத்தது எப்ப வரட்டும்?" என்றான்.

ஒட்னி என்னைப் பார்த்தாள். எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அக்கா? ஏதாவது ஒரு தேதி சொல்லேன்."

"ஜூன் இருபத்தொண்ணு" என்றாள்.

"அன்னைக்கு என்ன விசேஷம்?"

"அன்னைக்குச் சூரியன் இறங்கவே இறங்காது. பஃபின் எல்லாம் குஞ்சு பொரிச்சிருக்கும். பாதை நல்லா காஞ்சு கிடக்கும், நீ பாட்டுக்கு ஓட்டிட்டு வரலாம்." கார்க் கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தாள். "உன் ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கும். ரெண்டும் பொட்டை. காதுல வெட்டாம உனக்காக வச்சிருப்பேன்."

"நிஜமாவா?"

"நான் என்னைக்குடா பொய் சொல்லியிருக்கேன்?"

"அதானே" என்றான். "இரு, எழுதிக்கிறேன். ஜூன் எத்தனை?"

"இருபத்தொண்ணு" என்றாள். அவன் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தாள்.