சனிக்கிழமை அலாரம்

ஆம்பூரில் எங்கள் பட்டறைக்கு ஜும்மா தொழுகை நாளான வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. முதலாளியின் குடும்பத்துக்குத் தோல் பதனிடும் டேனரி இருந்தது. டேனரிகளுக்குத் தேவையான உருளைகளையும் தண்டுகளையும் கடைந்து கொடுக்க அவர் தனியாக இந்தப் பட்டறையைத் தொடங்கினார். எண்பதுகளின் பிற்பகுதியில் வெளிநாட்டிலிருந்து ஒரு சிஎன்சி லேத் வந்து இறங்கியது. ஊரில் அதற்குக் கம்ப்யூட்டர் லேத் என்று பெயர். வெட்டும் கருவிகளைத் தாங்கும் டரட் மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே தண்டைக் கடையும். ஆளுக்கு இரண்டு திசை, ஆக நான்கு அச்சு. ஓட்டுவதற்கு என்னைப் போட்டார்கள். அதுவரை நான் சாதாரண லேத்தில் இருந்தவன்.

ஒவ்வொரு அச்சும் எதுவரை போகலாம் என்பதற்கு இரு முனையிலும் லிமிட் சுவிட்ச் உண்டு. டரட் அதைத் தாண்டப் பார்த்தால் சுவிட்ச் அழுந்தும், எந்திரம் நின்றுவிடும், திரையில் ‘ஓவர் டிராவல்’ என்று அலாரம் வரும். ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே கைச்சக்கரத்தைச் சுற்றி டரட்டைப் பின்னால் கொண்டுவந்தால் அலாரம் போய்விடும். அதாவது இந்த அலாரம் வந்தால், ஓட்டுகிறவன் அளவு தெரியாமல் ஓட்டிவிட்டான் என்றுதான் முதலில் பொருள்.

அந்தக் கோடையில் கீழ் டரட்டில் இது வரத் தொடங்கியது. சனிக்கிழமை காலையில் மட்டும். டரட் முனையில் இருக்காது, நடுவில் சும்மா நிற்கும். ஆனாலும் அலாரம். அரை மணி நேரம் கட்டைவிரலால் பொத்தானை அழுத்திக்கொண்டு, வெட்டும் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் நீர் ஓட, டரட்டை முன்னும் பின்னும் நகர்த்துவேன். அப்புறம் தானாகச் சரியாகிவிடும். பிறகு வியாழக்கிழமை இரவு ஷிப்ட் முடியும்வரை ஒரு தொந்தரவும் இராது.

“இன்னா, உன் மெஷினுக்கு இன்னும் ஜும்மா முடியலயா?” என்பார் பக்கத்து லேத்தில் இருந்த பாய். முதல் இரண்டு வாரம் நானும் சிரித்தேன்.

எலக்ட்ரீஷியன் வோல்டேஜைக் குற்றம் சொன்னார். வெள்ளி விடுமுறைக்குப் பிறகு ஊரிலுள்ள டேனரி டிரம்மெல்லாம் சனிக்கிழமை காலை ஒரே நேரத்தில் சுற்ற ஆரம்பிக்கும். விளக்கே மங்கும். நம்பத் தகுந்த காரணம்தான். ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தார்கள். அடுத்த சனிக்கிழமையும் அலாரம் வந்தது. அதன் பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லீவு முடிந்து வருகிறவன் காலையில் எதையோ தப்பாக நகர்த்துகிறான் என்று பேச்சு வந்தது. முதலாளி கத்துகிற ஆளில்லை. பெங்களூரில் ஒரு ஆபரேட்டர் பார்த்திருப்பதாகவும், இன்னொரு முறை இப்படி ஆனால் நான் பழைய லேத்துக்கே போய்விடலாம் என்றும் அமைதியாகச் சொன்னார்.

எந்திரம் விற்ற கம்பெனியின் சர்வீஸ் எஞ்சினியர் பெங்களூரிலிருந்து ஒரு புதன்கிழமை வந்தார். என் வயதுதான் இருக்கும். எந்திரத்தைத் தொடுவதற்கு முன் என்னிடம் மூன்று கேள்வி கேட்டார். அலாரம் வந்தபோது டரட் ஓடிக்கொண்டிருந்ததா, நின்றுகொண்டிருந்ததா? எந்த நேரம்? வேறு யார் பார்த்தார்கள்? பின்னாளில் நான் பத்திரிகையில் நிருபர் வேலைக்குப் போனபோது இதே கேள்விகளைத்தான் கேட்கச் சொன்னார்கள். என் பதிலை அவர் சந்தேகிக்கவும் இல்லை, தலையாட்டவும் இல்லை.

வியாழக்கிழமை முழுவதும் நான்கு அச்சையும் முனைவரை ஓட்டிப் பார்த்தார். ஒயரை ஆட்டினார், மீட்டர் வைத்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. எந்திரத்தில் பழுதில்லை என்று அவர் சொன்னதும் முதலாளி என் பக்கம் திரும்பினார். அப்போது அந்த எஞ்சினியர் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன்.

“பழுது சனிக்கிழமை வருதுன்னா நான் சனிக்கிழமை பாக்கணும், சார். வியாழக்கிழமை பாத்துட்டு ஆள் மேல சொல்றது சரியில்ல.”

வெள்ளிக்கிழமை ஜோலார்பேட்டையில் ரயிலேற டிக்கெட் எடுத்திருந்தவர் அவர். அதை விட்டுவிட்டு, கதவை மூடினால் வெந்துபோகும் லாட்ஜ் அறையில் ஒரு நாளைக் கழித்தார்.

சனிக்கிழமை காலை என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார். முதலாளியும் பக்கத்து லேத் பாயும் பார்த்துக்கொண்டிருக்க, அவரே பவர் போட்டார். திரையில் வெளிச்சம் வந்ததும் அலாரமும் வந்தது. யாரும் எதையும் தொடவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார்.

சுவிட்ச் அழுந்தியே இருக்கிறது என்று எஞ்சினியர் திரையில் ஒரு எண்ணைக் காட்டினார். கீழ் டரட்டின் மூடியைக் கழற்றினோம். சுவிட்சின் மேல் இரும்புச் சுருள் விழாமலிருக்க ஒரு ரப்பர் மடல் இருந்தது. கோடைக்கு முன் அது கிழிந்தபோது, மாற்று ரப்பர் கப்பலில் வரவேண்டும் என்றார்கள். முதலாளி தன் டேனரியிலிருந்து செருப்படிக்குப் போடும் நல்ல சோல் தோலாகப் பார்த்து எடுத்து, தன் கையாலேயே அளவாக வெட்டித் திருகி வைத்தார். எங்கள் ஊரில் எது கிழிந்தாலும் தோல்தான் மருந்து. நாங்கள் அனைவரும் அன்று அதைப் பாராட்டினோம்.

முதலாளி குத்துக்காலிட்டு உட்கார்ந்து தோலை நகத்தால் அழுத்தினார். மரக்கட்டை மாதிரிச் சத்தம் வந்தது. நுனி வளைந்து சுவிட்சின் மேல் ஏறி நின்றது. பிறகு எஞ்சினியருக்கு அவர்தான் விளக்கினார். கூலன்ட் வாரக்கணக்கில் தோலின் எண்ணெயைக் கழுவிவிட்டது. எண்ணெய் போன தோல் நனைந்திருக்கும்வரை மெத்தென்று இருக்கும், காய்ந்தால் சுருங்கி வளையும். மற்ற நாட்களில் அது காயவே நேரமில்லை. வெள்ளிக்கிழமைதான் காய்ந்தது. சனிக்கிழமை கூலன்ட் பட்டதும் மறுபடி இளகியது. எஞ்சினியர் ஆர்வமாகக் கேட்டார். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, சார், என்றார்.

முதலாளி திருகாணியைக் கழற்றித் தோலை எடுத்தார். சுவிட்ச் ‘டிக்’கென்று மேலே வந்தது. ரீசெட் அழுத்தியதும் திரை சுத்தமானது. தோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி என்னிடம் சொன்னார்.

“உன் மேல தப்பு இல்லப்பா. நான் வெச்ச தோலு.”

“தோலு பண்ண வேலைக்கு இவன் விரல் தேஞ்சி போச்சே, மொதலாளி,” என்றார் பாய். முதலாளி சிரித்துவிட்டார்.

அந்த இடத்துக்கு லாரி டியூபில் ஒரு துண்டு வெட்டி வைத்தோம். எஞ்சினியர் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டி எப்போது என்று விசாரித்தார். நன்றி என்று சொன்னேனா, நினைவில்லை. டீ வாங்கிவந்து கொடுத்தேன். முதலாளி கண்ணாடி அறைக்குப் போய்ப் பெங்களூருக்கு டிரங்க் கால் பதிவு செய்தார், அந்த ஆபரேட்டரை வரவேண்டாம் என்று சொல்ல. லைன் கிடைக்க மதியம் ஆகிவிட்டது. அவர் போனில் பேசுவது கண்ணாடி வழியே தெரிந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மேல் டரட்டும் கீழ் டரட்டும் ஒரே தண்டில் கடைந்துகொண்டிருந்தன.