அக்கா மூடிய பைப்

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அப்பா கட்டிய ஒரே வீட்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் அக்காவும் மறுபாதியில் நானும் குடியிருக்கிறோம். நடுவில் சுவர் எழுப்பினோமே தவிர மொட்டை மாடியைப் பிரிக்கவில்லை. மாடித் தண்ணீர் முழுவதும் பின்பக்கம் வாட்டமாக ஓடி, மூலையில் இருக்கும் ஒரே ஓட்டை வழியாகப் பைப்பில் இறங்கும். அந்தப் பைப் அக்கா வீட்டுப் பின்சந்தில் இருந்தது.

மகனுக்குக் கல்யாணம் வரப்போகிறது என்று அந்தச் சந்தை அடைத்து, மேலே சிமென்ட் ஷீட் போட்டு அக்கா ஒரு ரூம் கட்டினாள். அந்த வருஷ ஐப்பசியில்தான் எங்கள் மாடியில் முதன்முதலாகத் தண்ணீர் நின்றது.

பக்கத்து வேப்பமரத்து இலைதான் அடைத்திருக்கும் என்று நினைத்தேன். மழையில் நனைந்துகொண்டே இலையை வாரினேன். ஓட்டையில் கையை விட்டுக் குடைந்தேன். தண்ணீர் அசையவில்லை. மேலே இருந்தபடியே அக்காவைக் கூப்பிட்டேன். நீளமான மூங்கில் குச்சி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"உள்ள இல மக்கி இறுகிக்கினு கீதுடி. நல்லா குத்து," என்றாள்.

நான் குத்தினேன். அவள் குடத்தில் மொண்டு ஊற்றினாள். குச்சி ஏதோ கெட்டியான இடத்தில் போய் முட்டி நின்றது. கடைசியில் இரண்டு பேரும் பக்கெட்டால் மொண்டு தெருப்பக்கம் கொட்டினோம். அக்காவின் புடவையும் முழுக்க நனைந்துவிட்டது. கூடப் பிறந்தவள் இருப்பது எவ்வளவு ஆறுதல் என்று அன்று இரவு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

அடுத்த மழைக்கு முன்பே மாடியைப் பெருக்கி வைத்தேன். வேப்பங்கிளைகளைக் கழிக்கச் சொன்னேன். கடையில் விற்கும் ஆசிட்டை வாங்கி ஊற்றினேன். எதற்கும் அடைப்பு அசையவில்லை. தேங்கிய தண்ணீர் விரிசல் வழியாக இறங்கி, எங்கள் கூடத்துச் சுவரில் ஓதம் பிடித்தது. என் வீட்டுக்காரர் ஒரகடம் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில்தான் தூங்குவார். ஒருநாள் அவர் தண்ணீர் குடிக்க எழுந்த நேரத்தில், கூரையின் உள்பூச்சு பெயர்ந்து கட்டில்மேலேயே விழுந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கா, தலையணைமேல் கிடந்த காரையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனாள். பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு உறவுக்காரி ஒருத்தி, "மாடியப் பெருக்காம போட்டு வச்சிக்கினு கீறியாமே, ஒங்க அக்கா சொன்னாங்க," என்றபோதும், பேச்சுவாக்கில் சொல்லியிருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

தை மாதம் அவள் மகனுக்குக் கல்யாணம். வந்தவர்கள் உட்காரப் பாய் எடுத்துவரச் சொல்லி, அந்தப் புது ரூம் சாவியை அவள் வீட்டுக்காரர் என்னிடம் கொடுத்தார். பாய்களைப் பீரோவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்தார்கள். அவற்றை இழுத்தபோதுதான் பார்த்தேன். ஷீட்டைத் துளைத்து இறங்கிய எங்கள் பைப், என் இடுப்பு உயரத்தில் அறுக்கப்பட்டு, அடியில் டம்மி மூடி போட்டு அடைக்கப்பட்டிருந்தது. சுவருக்கு அடித்த நீலப் பெயின்டையே அதற்கும் அடித்திருந்தார்கள். விரலால் தட்டிப் பார்த்தேன். உள்ளே இன்னும் தண்ணீர் நின்றது.

பாயைக் கொண்டுபோய் விரித்தேன். பந்தியில் பரிமாறினேன். மணமக்களுக்கு ஆரத்தித் தட்டும் ஏந்தினேன்.

மறுநாள் காலையில் அக்கா தனியாகப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். "இன்னாக்கா, பைப்ப அறுத்து மூடிட்டியா?"

"ரூமுக்கு நடுவுல வந்துச்சி. தண்ணி அங்க ஊத்துனா எப்பிடி?"

"ஒரு வார்த்த சொல்லிருந்தா எங்க பக்கமா திருப்பி வுட்டிருப்பனே."

"சொன்னா நீ ஒத்துக்கமாட்டன்னு நெனச்சேன்."

"நீ கேக்கவே இல்லியே. அப்புறம் இன்னாத்துக்குக் குச்சி எடுத்துக்கினு வந்த? கூட நின்னு ஏன் தண்ணி ஊத்துன?"

பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, முகம் தூக்காமல் சொன்னாள். "நீ கூப்ட்ட. வராம இருந்தா சந்தேகப்படுவியேன்னு வந்தேன்."

நான் என் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

வெயில் காலத்திலேயே கொத்தனாரை வைத்து, மாடித் தரையைக் கொத்தி, வாட்டத்தை எங்கள் பக்கம் திருப்பினோம். தெருப்பக்கக் கைப்பிடிச் சுவரின் அடியில் புது ஓட்டை போட்டு, பழையதைவிட அகலமான பைப்பை இறக்கினோம். இலை உள்ளே போகாதபடி வாயில் கம்பிவலை வைத்தோம். மழைக்கு முன்பு வலையைக் கழற்றிக் கழுவுவதும், காற்றடித்த மறுநாள் மாடியைப் பெருக்குவதும் இப்போது என் வேலை.

அடுத்த ஐப்பசியில் நல்ல மழை. தண்ணீர் சத்தத்தோடு தெருவில் கொட்டியது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா தன் வாசலுக்கு வந்தாள்.

"தண்ணி போவுதா?" என்றாள்.

"போவுது."

அவள் வாசலிலேயே நின்றாள். நான் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.