முதலில் இறங்குகிறவர்

செருப்பு வியாபாரி சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்பார்கள். நியாயம்தான். கடிக்கிற செருப்பை "போடப் போட இளகிடும்" என்று விற்ற வாய் இது. ஆனால் இப்போது சொல்லப்போவதில் பேரமும் கிடையாது, தள்ளுபடியும் கிடையாது. நடந்தது நடந்தபடி. என் தங்கை மேல் ஆணை.

என் கடை மெயின் ரோட்டில், நடந்து கடப்பதற்காகப் போட்ட வெள்ளைக் கோடுகளுக்கு நேர் எதிரே. கல்லாவில் உட்கார்ந்தால், அந்தப் பக்க நடைபாதையில் நிற்பவர்களின் கால்கள் வரிசையாகத் தெரியும். முகத்தைவிட எனக்குக் கால்தான் ஞாபகம் இருக்கும். தொழில் அப்படி.

முன்பெல்லாம் ஜனங்கள் அந்த ரோட்டைப் பேரம் பேசித்தான் கடப்பார்கள். கையைக் காட்டுவார்கள், டிரைவரை முறைப்பார்கள், பாதி இடம் கிடைத்தால் மீதியைப் பிடுங்கிக்கொள்வார்கள். போன வருஷம் சட்டம் வந்தது. சிக்னலில் சிவப்பு மனிதன் எரியும்போது ரோட்டில் கால் வைத்தால் அபராதம். ரசீது போட ஒரு போலீஸ்காரரும் வந்து நின்றார். 'ரசீது அண்ணன்' என்று பெயர் வைத்தோம். அன்றிலிருந்து எல்லோரும் ஒழுங்காக நிற்கிறார்கள். ஆனால் வண்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். போனைப் பார்க்கிறார்கள். பக்கத்துக் கால் நகர்ந்தால் தன் காலும் நகர்கிறது.

எங்கள் தொழிலில் இது பழைய சங்கதி. காலிக் கடைக்குள் யாரும் நுழைய மாட்டார்கள். ஓர் ஆள் உட்கார்ந்து மாட்டிப் பார்த்தால், பின்னாலேயே நாலு பேர் வருவார்கள். என் கடையில் அந்த ஓர் ஆள் என் தங்கைதான். ஆபீஸ் முடிந்து வந்து, என்னை முன்பின் தெரியாதவள் போல உட்காருவாள். "இந்த விலைக்கு இது சும்மாங்க" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வாள். என்னிடம் திரும்பி, "ஏன் சார், குறைக்கவே மாட்டீங்களா?" என்பாள். பிறந்ததிலிருந்து கடைக்குள் வளர்ந்தவள்.

ரோட்டில் மட்டும் அவளிடம் எந்தச் சாமர்த்தியமும் கிடையாது. ஒரு வண்டிகூட இல்லாவிட்டாலும் பச்சை விழாமல் இறங்க மாட்டாள். "உன் தங்கச்சி மாதிரி நாலு பேர் இருந்தா என் வேலை போயிடும்" என்பார் ரசீது அண்ணன்.

செவ்வாய்க்கிழமை. மாலை 6:52. சிக்னல் சிவப்பு. பச்சைக்கு இன்னும் 23 வினாடி என்று காட்டியது. எதிர்ப்பக்கக் கும்பலிலிருந்து ஒருவர் ரோட்டில் இறங்கினார். பழுப்புச் சட்டை. பின்னாலேயே ஆறு பேர் இறங்கினார்கள், போனிலிருந்து கண்ணை எடுக்காமலே. பஸ் ஹார்ன் அலறியது. ஆறு பேரும் துள்ளிப் பின்வாங்கினார்கள்.

முன்னால் போனவரைக் காணோம்.

அவர் கால்களைத்தான் பார்த்திருந்தேன். இடது காலில் கறுப்பு ஷூ. வலது காலில் வெறும் சாக்ஸ். வெள்ளைக் கோட்டில் ஈரத் தடம் தெரிந்தது. வலது காலுக்கு மட்டும். மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை மறுபடியும். அதே 6:52. அதே 23. அதே ஒற்றை ஷூ.

ரசீது அண்ணனிடம் போனேன். "அந்தப் பழுப்புச் சட்டைக்கு மொதல்ல ரசீது போடுங்கண்ணே."

அவர் சிரிக்கவில்லை. "யாரைப் பிடிச்சாலும் இதைத்தான் சொல்றாங்க. முன்னாடி ஒருத்தர் போனார், அதான் நானும் போனேன்னு. நான் இங்கயேதான்யா நிக்கிறேன். முன்னாடி ஒருத்தரும் போகல."

தங்கையிடம் இதைச் சொல்லவில்லை. கிண்டல் செய்வாள் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை. வியாபாரம் படுத்துவிட்டது. ஆறரைக்கு அவளுக்குப் போன் போட்டேன்.

"கடை காத்து வாங்குது. வந்து உட்காரு. நாலு பேரைக் கூட்டிட்டு வா."

"வர்றேன். கூலியா ஒரு ஜோடி வேணும்."

"போன மாசம்தானே நீலச் செருப்பு குடுத்தேன்."

"அது அண்ணன் குடுத்தது. இது முதலாளி குடுக்கணும்."

6:51. அந்தப் பக்க நடைபாதையில் நீலச் செருப்பு வந்து நின்றது. என்னைப் பார்த்துக் கை ஆட்டினாள். சிவப்பு.

6:52.

40... 39...

அவளுக்கு முன்னால் ஒரு கறுப்பு ஷூ. பக்கத்தில் ஈரமான சாக்ஸ்.

அவள் நம்பரை அழுத்தினேன். ஒரே ரிங். எடுத்துவிட்டாள்.

"சொல்லுண்ணா."

"இறங்காதே."

"பச்சைதானேண்ணா. எல்லாரும் போறாங்க பாரு."

சிவப்பு. 23.

"முன்னால போறவன் பின்னாடி போகாத..."

"பாவம்ணா இவரு. ஒரு கால்ல ஷூவே..."

லாரி.

ஹார்ன் இல்லை. பிரேக் சத்தம் இல்லை.

போனில் ஒரு மூச்சு... அவ்வளவுதான்.

22.

21.

எண் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் பையைக் கொடுத்தார்கள், வாட்சைக் கொடுத்தார்கள், இடது கால் செருப்பைக் கொடுத்தார்கள். வலதைக் கேட்டேன். இல்லை என்றார்கள்.

நாலாம் நாள் அதை ரசீது அண்ணன் கொண்டுவந்தார். சாக்கடை ஓரமாகக் கிடந்ததாம். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"கேமரால பார்த்தோம்பா. உன் தங்கச்சிக்கு முன்னாடி யாரும் இல்ல. அவதான் மொதல்ல இறங்கறா. பின்னாடி எட்டுப் பேர்." குரலைத் தாழ்த்தினார். "ஃபைல்ல, சிவப்புல கடந்தது அவ தப்புன்னு எழுதிட்டாங்க."

வாழ்நாளில் சிவப்பில் கால் வைக்காதவள்.

"நாலு மாசம் முன்னாடி, நீ சரக்கெடுக்க வெளியூர் போன வாரம், இதே கோட்டுல ஒருத்தர் அடிபட்டார். பழுப்புச் சட்டை. நல்ல மழை. வலது கால் ஷூ மட்டும் தனியா கிடந்துச்சு, நான்தான் எடுத்தேன். கேட்டு யாரும் வரல, ஸ்டேஷன்லயே கிடக்கு. உயிர் போறப்போ என்கிட்ட ஒண்ணுதான் சொன்னார். முன்னாடி ஒரு அம்மா போனாங்க, அதான் நானும் போனேன்னு."

அதற்குப் பிறகு பழுப்புச் சட்டையை நான் பார்க்கவில்லை. அவர் வேலை முடிந்துவிட்டது போல.

போன வாரம் முழங்காலில் கட்டோடு ஓர் அம்மாள் செருப்பு வாங்க வந்தார். சிக்னலில் பஸ் உரசிவிட்டதாம்.

"பச்சைன்னு நினைச்சுட்டேன் தம்பி. முன்னாடி ஒரு பொண்ணு இறங்குச்சு, நானும் பின்னாலேயே இறங்கிட்டேன். பாவம், அதுக்கு ஒரு கால்ல செருப்பே இல்ல."

"எந்தக் கால்ல?"

யோசித்தார். "வலது கால். இன்னொண்ணு நீலம். ஏன் கேக்கறீங்க?"

அவர் போனதும் கல்லாவுக்குக் கீழிருந்து அந்த வலது கால் செருப்பை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். 6:52-க்கு எதிர்ப்பக்கத்தில் அவள் இறங்கினாள். ரோட்டைப் பார்க்கவில்லை. சிக்னலைப் பார்க்கவில்லை. என் கடையைத்தான் பார்த்தாள். பின்னால் நாலு பேர் இறங்கினார்கள்.

தினமும் இறங்குகிறாள். வேண்டாம் என்று கத்திப் பார்த்துவிட்டேன். கடையையும் மூடிப் பார்த்துவிட்டேன்.

நான்தான் கூப்பிட்டேன். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.

அவள் வந்துகொண்டே இருக்கிறாள்.